பொய் சொல்லும் பூதங்கள்: புதிரில் சறுக்கும் இடங்கள்

பூதம், டிராகன், சூனியக்காரி என்று மாயாஜால உலகத்தில் நடக்கும் தர்க்கப் புதிர்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வகை உண்டு. கொடுத்திருக்கும் குறிப்புகள் எல்லாமே பொய் என்று அது முதல் வரியிலேயே சொல்லிவிடும். பலர் அதைப் படித்ததும், பொய்யை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது என்று விலகிப் போகிறார்கள். அது பெரிய இழப்பு. ஒரு வாக்கியம் பொய் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால், அதை மறுத்து எழுதினால் கிடைப்பது உண்மை. அந்த மறுப்பைச் சரியாக எழுதத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் நடக்கின்றன.

ஒரு புதிரை எடுத்துக்கொள்வோம். மலையில் வரிசையாக மூன்று குகைகள். இடமிருந்து வலமாக 1, 2, 3. சிவப்பு, நீலம், பச்சை என மூன்று பூதங்கள், குகைக்கு ஒன்று. வாள், கிரீடம், மாணிக்கம் ஆகிய மூன்றில் ஒவ்வொரு பூதமும் ஒன்றைக் காவல் காக்கிறது. கீழே உள்ள நான்கு குறிப்புகளும் பொய்.

சிவப்புப் பூதம்: "நான் 1-ஆம் குகையில் இருக்கிறேன், அல்லது வாள் என்னிடம் இருக்கிறது."
நீலப் பூதம்: "நான் 3-ஆம் குகையில் இல்லையென்றால், வாள் என்னிடம்தான் இருக்கிறது."
பச்சைப் பூதம்: "நான் 1-ஆம் குகையில் இல்லை, சிவப்புப் பூதத்திடம் கிரீடமும் இல்லை."
மலையடிவாரக் கல்வெட்டு: "கிரீடமும் மாணிக்கமும் அடுத்தடுத்த குகைகளில் இருக்கின்றன."

யார் எந்தக் குகையில், எதோடு? ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது பச்சைப் பூதத்திடம். அது சொன்னது பொய்தானே என்று இரண்டு பாதியையும் திருப்பி, "பச்சை 1-இல் இருக்கிறது, சிவப்பிடம் கிரீடம் இருக்கிறது" என்று குறித்துக்கொள்கிறார்கள். அப்புறம் கல்வெட்டுக்கு வருகிறார்கள். கிரீடமும் மாணிக்கமும் அடுத்தடுத்து இல்லை என்றால் அவை 1, 3 ஆகிய ஓரங்களில் இருக்க வேண்டும். வாள் நடுக் குகையில். வாள் சிவப்பிடம் இல்லை, நீலத்திடமும் இல்லை. ஆக வாள் பச்சையிடம், பச்சை 2-ஆம் குகையில். ஆனால் ஏற்கெனவே பச்சையை 1-இல் எழுதியாயிற்று! இந்த முரண்பாட்டைப் பார்த்ததும் புதிரே தப்பு என்று மூடிவிடுகிறார்கள்.

புதிரில் தப்பில்லை. "இதுவும் உண்மை, அதுவும் உண்மை" என்று சேர்த்துச் சொல்லும் வாக்கியத்தில் ஒரு பாதி பொய்யானாலே போதும், முழு வாக்கியமும் பொய்யாகிவிடும். எனவே பச்சைப் பூதத்தின் பொய்யிலிருந்து நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான்: பச்சை 1-இல் இருக்கிறது, அல்லது சிவப்பிடம் கிரீடம் இருக்கிறது, இரண்டில் ஒன்றாவது உண்மை. பச்சை 2-இல் இருப்பதால், அது சொன்ன முதல் பாதி உண்மையே. ஆக இரண்டாம் பாதிதான் பொய், கிரீடம் சிவப்பிடம். சிவப்பு 1-இல் இல்லை என்பதால் 3-இல். மிச்சமிருக்கும் நீலம், மாணிக்கத்தோடு 1-இல். பொய்யன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, முழு வாக்கியம் பொய்யாக இருந்தால் போதும் என்பதை மனத்தில் ஏற்றிக்கொண்டாலே இந்த வகைப் புதிர்களில் பாதித் தடை நீங்கிவிடும்.

"அல்லது" வந்தால் நிலைமை தலைகீழ். சிவப்பு சொன்னது பொய்யாக வேண்டுமானால் இரண்டு பாதியும் பொய்யாக வேண்டும்: 1-இலும் இல்லை, வாளும் இல்லை. இந்த இரண்டு விதிகளும் டி மார்கன் விதிகள் என்று பாடப்புத்தகங்களில் வரும். அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, பின்னாளில் லண்டனில் கணிதப் பேராசிரியராக இருந்தார்.

நீலப் பூதத்தின் "என்றால்" இன்னும் நுட்பமானது. பலர் இதை "3-இல் இல்லையென்றால் வாள் என்னிடம் இல்லை" என்று திருப்புகிறார்கள். அது இன்னொரு நிபந்தனை வாக்கியமே தவிர மறுப்பு ஆகாது. "என்றால்" வாக்கியம் பொய்யாக ஒரே வழிதான் உண்டு: நிபந்தனை நிறைவேறியும், சொன்ன முடிவு நடக்காமல் போக வேண்டும். அதாவது நீலம் 3-இல் இல்லை, வாளும் அதனிடம் இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத இரண்டு தகவல்கள் ஒரே பொய்யிலிருந்து கிடைக்கின்றன! இந்தப் புதிரில் தவறாகத் திருப்பினாலும் மற்ற குறிப்புகளின் தயவால் அதே விடை வந்துவிடும். அதனால்தான் விடை சரியாக வந்ததை வைத்து வழியும் சரி என்று முடிவுகட்டக் கூடாது.

"எல்லாம்" வரும் இடத்திலும் கவனம் வேண்டும். பொய் மட்டுமே பேசும் மந்திரவாதி "என் டிராகன்கள் எல்லாம் பச்சை" என்கிறான். ஒரு டிராகன்கூடப் பச்சை இல்லை என்று எழுதினால் தவறு. பச்சை அல்லாத டிராகன் குறைந்தது ஒன்று அவனிடம் இருக்கிறது, அவ்வளவே. மற்றவை பச்சையாகவும் இருக்கலாம். இதிலேயே இன்னொரு தகவலும் ஒளிந்திருக்கிறது: அவனிடம் டிராகன் உண்டு. டிராகனே இல்லாதவன் இப்படிச் சொன்னால், அதை உடைக்க ஒரு டிராகனைக்கூடக் காட்ட முடியாது என்பதால், தர்க்கத்தில் அது உண்மையாகவே கொள்ளப்படும். அதேபோல, "எனக்குப் பிறகு வந்தான்" என்பது பொய் என்றால் முன்னால் வந்தான் என்று அர்த்தமில்லை. சேர்ந்தே வந்திருக்கலாம், புதிர் அதைத் தடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மெய்யர்களும் பொய்யர்களும் கலந்து வாழும் தீவு என்றால் சறுக்கல் வேறு மாதிரி. 1978-இல் வந்த தன் நூல் வழியாக இந்த வகையைப் பரவலாக்கியவர் ரேமண்ட் ஸ்மல்யன். அங்கே "நான் பொய்யன்" என்று யாராலும் சொல்ல முடியாது. மெய்யன் சொன்னால் பொய்யாகிவிடும், பொய்யன் சொன்னால் உண்மையாகிவிடும். ஆகவே, "அவன் தன்னைப் பொய்யன் என்று சொன்னான்" என்று ஒருவர் வந்து சொன்னால், நமக்குக் கிடைத்த பொய்யர் அவரேதான். ஒருவர் இன்னொருவரைப் பொய்யன் என்றால், முதலில் பேசியவரை நம்பிவிடும் பழக்கமும் பலருக்கு உண்டு. அதிலிருந்து தெரிவது, இருவரும் வெவ்வேறு வகை என்பது மட்டுமே.

சில புதிர்களில் நினைத்தபடி பேசும் மூன்றாம் வகையும் வரும். தத்துவ அறிஞர் ஜார்ஜ் பூலோஸ் 1996-இல் வெளியிட்ட மூன்று தெய்வங்கள் புதிர் அப்படிப்பட்டது: ஒன்று எப்போதும் மெய், ஒன்று எப்போதும் பொய், ஒன்று இஷ்டப்படி. கேள்விகள் கேட்டு எந்தத் தெய்வம் எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் கேள்வியிலேயே மெய்த் தெய்வத்தைத் தேடினால் மாட்டிக்கொள்வோம். இஷ்டப்படி பேசாத ஒருவரை உறுதிசெய்துகொள்ளத்தான் அந்தக் கேள்வியைச் செலவிட வேண்டும். பொய்யர்கூட நமக்குப் பயன்படுவார். இஷ்டப்படி பேசுபவர் சொல்வதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

ஏதாவது ஒன்றை ஊகித்துக்கொண்டு போகும்போது, அந்த ஊகத்திலிருந்து பிறந்தவற்றைத் தனியாகக் குறியுங்கள். முரண்பாடு வந்தால் ஊகத்தை மட்டும் அடித்துவிட்டு, அது பெற்ற முடிவுகளை அப்படியே விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

கடைசியாக, சரிபார்க்கும் விதம். திருப்பி எழுதிய குறிப்புகளோடு விடையை ஒப்பிடுவது வீண் வேலை, ஏனென்றால் திருப்பியதே தவறென்றால் அதுவும் பொருந்திவிடும். பூதங்கள் சொன்ன மூல வாக்கியங்களையே எடுத்து, கண்டுபிடித்த விடையில் ஒவ்வொன்றும் பொய்யாகிறதா என்று பாருங்கள். மேலே உள்ள நான்கையும் இப்படிப் பார்த்தால் நான்கும் பொய்யாகும். அதோடு, வேறு விடை எதுவும் பொருந்தவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். அது வரை கையில் இருப்பது ஒரு சாத்தியம் மட்டுமே.