பிக்யூஆர் கையில் இருந்தால் வெல்டர் டெஸ்ட் வேண்டாமா?

பெங்களூரு பீன்யாவில் டேங்கும் பிரஷர் வெசலும் செய்யும் ஷெட்களில் தமிழ் வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களின் கைவேலையில் குறை சொல்வது கஷ்டம். ஆனால் கஸ்டமரின் இன்ஸ்பெக்டர் வந்து ஃபைலைப் பிரித்ததும் வேலை நின்றுபோகும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பற்றவைக்கும் செயல்முறைக்கு வாங்கிய தகுதிப் பதிவை (பிக்யூஆர்) ஆளுக்கும், ஆளுக்கு வாங்கியதைச் செயல்முறைக்கும் காட்டுவது.

இந்த உலோகத்தை, இந்த எலக்ட்ரோடால், இந்தச் சூட்டில் பற்றவைத்தால் இணைப்பு தாங்குமா என்று பார்ப்பது செயல்முறைத் தேர்வு. அதில் கிடைத்த அளவுகளும் முடிவுகளும் பிக்யூஆரில் ஏறும்; அதை வைத்து வெல்டருக்கு எழுதித் தரும் செய்முறைக் குறிப்பு டபிள்யூபிஎஸ். தாங்கும் என்று தெரிந்த முறையில் இந்த ஆள் குறையில்லாமல் பற்றவைப்பாரா என்பது வெல்டர் தேர்வு. பிரஷர் வெசல் வேலைக்கான அமெரிக்க விதித்தொகுப்பான ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9-இல் பட் ஜாயின்ட் செயல்முறைக்கு 2 டென்சைல் (இழுத்துப் பார்ப்பது), 4 பெண்ட் (வளைத்துப் பார்ப்பது) கேட்பார்கள். வெல்டருக்கு டென்சைல் கிடையாது. பெண்ட் போதும், பல நேரம் அதற்குப் பதில் ரேடியோகிராஃபியே (எக்ஸ்ரே) போதும். இதைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே ஃபிலிமை மட்டும் வைத்து பிக்யூஆர் எழுதுகிறவர்கள் உண்டு. ஃபிலிமில் ஓட்டை தெரியும், விரிசல் தெரியும், வலிமை தெரியாது.

அடுத்தது பொசிஷன், அதாவது எந்த நிலையில் வைத்துப் பற்றவைப்பது. அதிகம் குழம்புவது இங்கேதான். சாதாரணமாக, தட்டையாக வைத்து 1ஜி-யில் எடுத்த பிக்யூஆர் ஓவர்ஹெட் வேலைக்கும் செல்லும். இம்பாக்ட் டெஸ்ட் (அடி தாங்குமா என்ற சோதனை) கேட்கும் வேலையில் மட்டும் கூடுதல் நிபந்தனைகள் வரும். அந்தக் கூப்பனை (டெஸ்ட் துண்டை) பற்றவைத்த வெல்டருக்கோ தட்டை நிலைக்கு மட்டும்தான் தகுதி. “அண்ணே, நான் 6ஜி பாஸ் பண்ணவன்” என்று, சாய்த்து நிறுத்திய குழாயில் தேறிய ஒருவர் வந்தால், எல்லா பொசிஷனும் அடங்கும் என்பது சரி. ஆனால் எந்தப் ப்ராசஸ், எந்த எலக்ட்ரோட், எவ்வளவு கனம் (தடிமன்), பேக்கிங் (இணைப்புக்குப் பின்னால் வைக்கும் தகடு) இருந்ததா என்றும் கேளுங்கள். செங்குத்தில் கீழிருந்து மேலே போனவருக்கு மேலிருந்து கீழே இழுக்க அனுமதி கிடையாது.

உலோகம் மாறினால் கதை தலைகீழ். கார்பன் ஸ்டீலிலிருந்து எஸ்எஸ் 304-க்குப் போனால் புது பிக்யூஆர் கட்டாயம். வெல்டர் டிக்-கில் (ஆர்கான் வெல்டிங்) தேறியவர் என்றால் பெரும்பாலும் மறு டெஸ்ட் வேண்டாம், ஏனென்றால் இரண்டின் ஃபில்லர் கம்பிக்கும் எஃப் எண் (ஃபில்லரை வகை பிரிக்கும் எண்) 6. ஸ்டிக் வெல்டிங் அப்படியில்லை: கார்பன் ஸ்டீலுக்கான 7018 எலக்ட்ரோட் எஃப் 4, 304-க்கான 308எல் எஃப் 5, ஆகவே ஸ்டிக் வெல்டரும் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும். பல ஷெட்களில் இதை மாற்றிச் செய்வார்கள். ஆளை வீணாக டெஸ்டில் உட்காரவைத்துவிட்டு பிக்யூஆரை மறந்துவிடுவார்கள். வெல்டிங்குக்குப் பின் ஹீட் ட்ரீட்மென்ட் சேர்ந்தாலும் பழைய பிக்யூஆர் உதவாது, வெல்டரின் தகுதி கார்டுக்கு ஒன்றும் ஆகாது.

கார்டு பாஸ்போர்ட் மாதிரி தானாக வருஷக்கணக்கில் ஓடாது. ஒரு ப்ராசஸில் 6 மாதம் பற்றவைக்காவிட்டால் அந்த ப்ராசஸுக்கான தகுதி போய்விடும். ஸ்டிக் தினமும் செய்தாலும் டிக் கணக்கு தனி. பதிவேடு இல்லாவிட்டால் செய்த வேலையும் செய்யாத மாதிரிதான். முந்தைய கம்பெனி கார்டைக் காட்டி இங்கே வேலைக்கு இறங்குவதும், பக்கத்து ஷெட்டின் பிக்யூஆரைக் காப்பியடிப்பதும் பொதுவாகச் செல்லாது. பாய்லர் வேலை என்றால் இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகளின் கீழ் வெல்டருக்குத் தனிச் சான்று வேண்டும்.

ஸ்ட்ரக்சர் வேலையில் இன்னொரு பொறி: ஸ்டீல் கட்டுமானத்துக்கான அமெரிக்க வெல்டிங் விதி ஏடபிள்யூஎஸ் டி1.1 சில முறைகளுக்கு முன்கூட்டியே தகுதி தந்திருக்கிறது. அதில் தேவைப்படாமல் போவது பிக்யூஆர் மட்டும். டபிள்யூபிஎஸ் எழுத வேண்டும், வெல்டர் டெஸ்டும் உண்டு.

பிக்யூஆர் எழுதும்போது அன்று மீட்டர் காட்டிய ஆம்பியரை எழுதுங்கள். 90–130 என்ற ரேஞ்ச் டபிள்யூபிஎஸ்ஸுக்கு உரியது. கூப்பன் பாஸானால், அதைப் பற்றவைத்தவருக்கு இன்னொரு தகட்டை வெட்ட வேண்டாம். அதே டெஸ்டை வைத்து, அவர் செய்த நிலைக்கும் கனத்துக்கும் உட்பட்டு, அவர் பெயரில் வெல்டர் தகுதிப் பதிவை எழுதிவிடலாம்.