புரட்டாசி விரதம் பாதியில் உடைந்தால்: பலரும் செய்யும் தவறுகள்

பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி என்பார்கள். பகலில் சட்டை முதுகோடு ஒட்டும் வெயில், சாயங்காலம் இடியோடு மழை. பள்ளிப் புத்தகத்தில் இந்த மாதங்களை இலையுதிர்காலம் என்று படித்தோம். நம் ஊரில் உதிர்வது என்னவோ கறிக்கடைக் கூட்டம்தான். செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடியும் இந்த மாதத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகள் பெருமாளுக்கென்று அசைவத்தை நிறுத்துகின்றன. கூடவே வேறு தீர்மானங்களும் ஒட்டிக்கொள்ளும்: சிகரெட்டை விடுவது, விடியற்காலையில் எழுவது, ஜனவரியில் தொடங்கிப் பிப்ரவரியில் கைவிட்ட நடைப்பயிற்சி. முதல் சனிக்கிழமை எல்லாம் ஜோராக நடக்கும். தொல்லை இரண்டாவது வாரத்தில்தான்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு வருடம் இரண்டாம் சனிக்கிழமை முடிந்த செவ்வாயன்று டீக்கடையில் வெஜ் பஃப்ஸ் கேட்டேன். பேச்சு மும்முரத்தில் இரண்டு கடி கடித்த பிறகுதான் உள்ளே மஞ்சள் கரு தெரிந்தது. கூட இருந்த நண்பர், "கடிச்சாச்சு, இனிமே என்ன, முழுசாச் சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. எப்படியும் விரதம் போச்சு என்று ராத்திரி வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சிக்கன் ஃப்ரைட் ரைஸும் ஆயிற்று. அம்மாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "தெரியாமச் சாப்பிட்ட முட்டைக்குப் பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டார். தெரிஞ்சு சாப்பிட்ட கோழிக்கு ஏண்டா முட்டை மேல பழி போடுற?" என்று மட்டும் கேட்டார்.

அந்த 'எப்படியும் போச்சு'தான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் வயிறு நிறைந்துவிட்டதால் ஐஸ்கிரீமைக் குறைத்தே சாப்பிட்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்தாயிற்று, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்ற கணக்கு. என் ஃப்ரைட் ரைஸ் கணக்கும் அதே கணக்குதான்.

அடுத்தது, தன்னைத் திட்டிக்கொண்டால் திருந்திவிடலாம் என்ற நம்பிக்கை. 'எனக்கு மன உறுதியே கிடையாது, நான் எதற்குமே லாயக்கில்லை' என்று ராத்திரி முழுக்கப் புலம்புவது பக்தி மாதிரி தோன்றும். ஆனால் வேலைக்கு ஆகாது. 2007-இல் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் செய்த ஆய்வில், பெண்களுக்கு ஒரு டோனட் சாப்பிடக் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் மட்டும், 'எல்லோரும் இதையெல்லாம் எப்போதாவது சாப்பிடுகிறவர்கள்தான், உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள்' என்ற பொருளில் நாலு வார்த்தை ஆதரவாகச் சொன்னார்கள். பிறகு மிட்டாய்களை ருசி பார்க்க வைத்தபோது, கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் அந்த ஆதரவு வார்த்தையைக் கேட்டவர்கள் குறைவாகவே சாப்பிட்டார்கள். செல்லம் கொடுத்தால் கெட்டுப்போவோம் என்ற பயம் அங்கே பலிக்கவில்லை.

அதற்காக இரக்கமும் சாக்கும் ஒன்றாகிவிடாது. 'இன்றைக்குத் தவறிவிட்டது, நாளை காலையிலிருந்து மறுபடி' என்பது இரக்கம். 'சாமி ஒண்ணும் நினைச்சுக்காது' என்று சொல்லிக்கொண்டே பிரியாணிக் கடை வரிசையில் நிற்பது சாக்கு. எனக்கு இரண்டும் பழக்கம் என்பதால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சாமி குத்தம் என்ற பயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். விரதம் தவறியதும் பெருமாளை வருகைப் பதிவேடு எடுக்கும் அதிகாரி போல நினைத்துப் பூஜை அறைப் பக்கமே போகாமல் இருப்பவர்கள் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைக்குச் சொல்லப்படும் கதையை அவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். திருமலை அடிவாரத்துக் குயவர் பீமனுக்குக் கோயிலுக்குப் போக நேரமில்லை, பூ வாங்க வசதியில்லை. மண்ணைப் பிசையும்போதே கையில் ஒட்டிய களிமண்ணைப் பூவாக உருட்டி அங்கிருந்தபடியே சாத்துவார். மன்னன் தொண்டைமான் சூட்டிய பொற்பூக்களை விலக்கிவிட்டு அந்த மண்பூக்கள் பெருமாள் மேல் இருந்தன என்கிறது கதை. இன்றைக்கும் திருமலையில் மண்சட்டியில் நைவேத்தியம் படைக்கும் வழக்கத்தை அந்தக் குயவரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். முழுதாகச் செய்ய முடியாதவர் கதைதான் இந்த மாதத்தின் கதை. அதை மறந்துவிட்டு நாம் நூற்றுக்கு நூறு வாங்கப் பார்க்கிறோம்.

ஒரே மாதத்தில் ஐந்து சபதம் எடுப்பதும் வேண்டாம். அசைவத்தை விடுவதற்கு ஊரே துணை நிற்கும், ஹோட்டலில்கூடப் புரட்டாசி என்றால் புரிந்துகொள்வார்கள். ஐந்து மணிக்கு எழுவதற்கு அந்தத் துணை கிடையாது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சுமார் 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. அப்படியானால் புரட்டாசி அதில் பாதிகூட இல்லை. ஐப்பசி பிறந்தும் நடைப்பயிற்சி கசக்கிறதே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சனிக்கிழமை ஒருபொழுது இருக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். வெறும் வயிற்றில் மருந்து வேலை செய்து சர்க்கரை இறங்கினால் ஆபத்து. அப்புறம், தளிகை போடுவதாக வேண்டிக்கொண்டது நீங்கள் என்றால், புளியோதரையும் வடையும் செய்ய அடுப்படியில் நிற்பது வேறொருவராக இருக்கக் கூடாது. தேங்காயாவது துருவிக் கொடுங்கள்.

சரி, உடைந்ததை எப்படி மறுபடி தொடங்குவது? அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், அடுத்த வேளைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவதுதான் எனக்குத் தெரிந்த வழி. ஒரு நாள் கணக்கு வேண்டுமென்றால் அடுத்த சனிக்கிழமை இருக்கிறது. பெரும்பாலும் இந்த மாதத்திலேயே வந்துவிடும் விஜயதசமியும் இருக்கிறது. குழந்தைகளின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கும் நாள் அது. முதல் எழுத்து கோணலாக வந்தது என்று அன்றைக்கு எந்தக் குழந்தையையும் யாரும் எழுப்பி அனுப்புவதில்லை.

அன்று ராத்திரி அம்மா வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துணியை மஞ்சளில் நனைத்து, அதில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, பெருமாள் படத்தின் முன்னால் வைத்தார். வேண்டுதல் தள்ளிப்போனால் எங்கள் வீட்டில் செய்கிற வழக்கம் அது. கடன் பாக்கி இருக்கிறது, ஓடிவிடவில்லை என்று சாமிக்கு ஓர் அடையாளம். மறுநாள் காலை இட்லி, தேங்காய்ச் சட்னி. மீதி நாட்கள் ஓடிவிட்டன. காசு, திருப்பதிக்குப் போன பக்கத்து வீட்டு மாமா கையில் உண்டியலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐப்பசி முதல் ஞாயிறு காலை ஆறரைக்கே கறிக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் பதினோரு பேர்.