மாமல்லபுரத்தில் ஒரு காலை: கேமராவோடு முதன்முறை கிளம்புவோருக்கு

கேமரா வாங்கிய கையோடு ஒரே நாளில் நான்கைந்து ஊர்களைச் சுற்றிவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கும் எழுகிறது. ஆனால் ஒரே ஊரில், ஒரே கல்லின் முன்னால் இரண்டு மணி நேரம் நின்றால்தான் ஒளி எப்படி நகர்கிறது என்பது பிடிபடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாமல்லபுரம் அதற்கு மிகவும் ஏற்ற இடம்.

முதல் நாள் இரவே பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, மெமரி கார்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கேமராவுடன் வந்த 18–55 மி.மீ. லென்ஸே போதும். முன் அனுமதியின்றித் தொல்லியல் சின்னங்களுக்குள் ட்ரைபாட் வைத்துப் படமெடுக்க இயலாது என்பதால் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம். கேமராவை அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) முன்னுரிமை முறைக்கு மாற்றி, அப்பர்ச்சரை எஃப் 8 என்றும் ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனின் அளவு) 200 என்றும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அடுத்த படி, கடற்கரைக் கோயில். மார்கழி, தை மாதங்களில் ஆறரை மணியை ஒட்டியே சூரியன் உதிப்பதால், வாயில் திறந்ததும் உள்ளே சென்றால் நேரம் சரியாக இருக்கும். அப்போது சூரியன் தென்கிழக்கில் எழும். ஆகவே கோயிலுக்கு வடமேற்கே நின்று, வானத்தின் வெளிச்சத்துக்கு முன்னால் கோயில் கருநிழலாகத் தெரியும்படி சட்டகத்தை அமையுங்கள். எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்சம்) அளவை ஒன்று அல்லது ஒன்றரை படி குறைத்தால் வானத்தின் நிறம் வெளுக்காமல் நிற்கும். கருவறைகளின் மேல் எழும் கோபுரங்களான பெரிய விமானமும் சிறிய விமானமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடாமல், இரண்டுக்கும் இடையே ஒரு கீற்று வானம் தெரியும்வரை இடமோ வலமோ சில அடிகள் நகருங்கள். அந்தக் கீற்று இல்லையென்றால் இரண்டும் ஒரே கரும்பிண்டமாகிவிடும்.

அங்கிருந்து நடந்து, அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் சொல்லப்படும் புடைப்புச் சிற்பத்துக்கு வாருங்கள். நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். பாறை கிழக்கு நோக்கியிருப்பதால் அதிகாலை வெயில் நேராக முகத்தில் விழும். நிறம் பொன்னாக இருந்தாலும் உருவங்கள் தட்டையாகவே தெரியும். ஒன்பதரை மணிக்கு மேல் சூரியன் ஏற ஏற, ஒவ்வொரு உருவத்தின் கீழும் ஒரு நிழல் கோடு விழுந்து, கல்லிலிருந்து உடல்கள் எழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். நண்பகலுக்குப் பின் பாறை முழுவதும் நிழலுக்குள் போய்விடும். முதன்முறை நான் பிற்பகல் மூன்று மணிக்குப் போய், எடுத்த படங்கள் அனைத்திலும் வெறும் சாம்பல் நிறத்தையே கண்டேன்.

முழுப் பாறையையும் ஒரு படம் எடுத்த பிறகு, ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பெரிய யானையின் அருகே, முன்கால்கள் இரண்டையும் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்யும் பூனையும் அதன் காலடியில் எலிகளும் இருக்கின்றன. லென்ஸை 55க்குக் கொண்டுவந்து, பூனையின் முகத்தில் ஃபோகஸ் வைத்து, ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்து மூடும் வேகம்) நூறில் ஒரு நொடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் ஐஎஸ்ஓவை 400 ஆக்குங்கள். கால் மணிக்கு ஒரு முறை அதே இடத்திலிருந்து அதே படத்தை மீண்டும் எடுங்கள். சலிப்பாகத் தோன்றும் இந்தப் பயிற்சியே எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது.

திரும்பும் வழியில் சிற்பக் கூடங்களின் உளிச் சத்தம் உங்களை இழுக்கும். வேலை செய்பவரிடம், "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டு, அவர் சம்மதித்த பின்னரே கேமராவை உயர்த்துங்கள். உளி பிடித்த கை அசையாமல் பதிய ஷட்டர் வேகம் ஐந்நூறில் ஒரு நொடியாவது வேண்டும். கல் தூசி பறக்கும் அந்த இடத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது.

வீடு சேர்ந்ததும் கேமராவின் வெளிப்பகுதியில் படிந்த உப்புக்காற்றின் ஈரத்தை, லேசாக நனைத்துப் பிழிந்த மென்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள். பிறகு பூனையின் படங்களை மட்டும் எடுத்த நேர வரிசையில் கணினித் திரையில் அடுக்கி, நிழல் எந்தப் படத்தில் எலிகளைத் தொடுகிறது என்று பாருங்கள்.