ராமநாதபுரம் கடற்கரையில் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசைப்படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று செய்தி வந்தால் போதும், ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் வாட்ஸ்அப் குழுக்களில் பெயர்ப் பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். ஒன்றில் ஏழு பேர், இன்னொன்றில் பத்துப் பேர். ஏற்கெனவே கரை சேர்ந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர் பெயரும் அதில் இருக்கும். ஒரு வீட்டில் அழுகை தொடங்கிய பிறகுதான் திருத்திய பட்டியல் வரும். போட்டவர் கெட்டவர் இல்லை, உதவத்தான் நினைத்தார். ஆனால் அரசும் மீனவர் சங்கமும் உறுதி செய்ய வேண்டிய ஒன்றைத் தானே அறிவித்தார். இந்தக் கடற்கரையில் தன்னார்வலர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்: அதிகாரியின் நாற்காலியில் தெரியாமலே போய் உட்கார்ந்துவிடுவது.

விசைப்படகு கடலுக்குப் போகும் முன் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். எனவே யார் போனார்கள் என்பதைச் சரிபார்க்க ஓர் இடம் இருக்கிறது. படகின் பதிவு எண், உரிமையாளர் பெயர், போன ஆட்களின் பெயர், மீனவர் அடையாள அட்டை எண் இவற்றை வீடு வீடாகக் கேட்டு எழுதி, சங்கத்திடமும் துறையிடமும் கொடுங்கள். குழுவில் போட வேண்டாம். டோக்கன் இல்லாமல் போன படகு என்றால் வேலை கடினம். அதை மறைத்தால் இன்னும் கடினம்.

வாக்குறுதி கொடுப்பது

"தம்பி, எப்பத்தான் விடுவாங்க?" என்று வீட்டுக்காரம்மா கேட்கும்போது, "ரெண்டு நாள்ல வந்துருவாங்கக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. சொல்லாதீர்கள். பிடிபட்டவர்களை அங்கே மீன்வளத் துறையிடம் ஒப்படைப்பார்கள். பிறகு மன்னார் அல்லது ஊர்காவற்றுறை போன்ற ஊர்களின் நீதிமன்றம், அதன்பின் காவல். யாழ்ப்பாணத்தில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்தார் அவர்களைப் போய்ப் பார்ப்பார்கள். 2018-இல் இலங்கை தன் வெளிநாட்டுப் படகுச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்திவிட்டது. படகு ஓட்டியவருக்கும், முன்பே ஒருமுறை பிடிபட்டவருக்கும் மற்றவர்களைவிடக் கடுமையான தீர்ப்பு வரலாம். ஒரே படகில் போனவர்களில் சிலர் வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், வராதவர் வீட்டில் "நம்மாள விட்டுட்டு வந்துட்டாங்களே" என்ற பேச்சு எழும், ஊர் இரண்டாகும். படகின் வழக்கு தனியாக நடக்கும் என்பதையும் உரிமையாளரிடம் சொல்லுங்கள். ஆள் வந்துவிட்டார் என்ற மகிழ்ச்சியில் படகுப் பத்திரங்களைத் தேடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்ததைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வெளியூரிலிருந்து வருகிற இளைஞர்கள் இந்தச் சிக்கலை 'நம் மீனவர், அவர்கள் கடற்படை' என்று மட்டுமே பார்க்கிறார்கள். விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதற்காக அங்கே குரல் கொடுத்தவர்களில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து மீனவர்களும் உண்டு. அந்த மடியால் வலை அறுந்து நிற்பவரும் தமிழர்தான். அவ்வளவு தூரம் போக வேண்டாம், பாம்பனிலேயே நாட்டுப்படகுக்காரரிடம் விசைப்படகைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டு தரப்பும் ஒரே நாளில் கடலில் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் கிழமை பிரித்துத் தொழிலுக்குப் போகிற வழக்கமே இங்கே வந்தது. ஒரு சங்கத்தின் மேடையில் ஏறி முழங்கிவிட்டு, மறுநாள் இன்னொரு குடியிருப்பில் நிவாரணப் பட்டியல் எடுக்கப் போனால் யார் உங்களிடம் உண்மையைச் சொல்வார்கள்? பிடிபட்டவர் பக்கம் நிற்பது வேறு. ஒரு தொழில்முறைக்கு வக்காலத்து வாங்குவது வேறு.

மணல் திட்டில் இறங்குகிறவர்கள்

2022 மார்ச்சில், இலங்கைப் பொருளாதாரம் சரிந்த நாட்களில், அங்கிருந்து மீண்டும் தமிழ்க் குடும்பங்கள் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைப் பக்கம் வந்து இறங்கத் தொடங்கின. படகுக்காரர் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். குழந்தைகளோடு தண்ணீர் இல்லாமல் நிற்பார்கள். இதைப் பார்க்கும் தன்னார்வலர் முதலில் அலைபேசியை எடுத்துக் காணொளி பிடிப்பது எனக்குப் புரியவே இல்லை. அந்தக் குடும்பத்தின் உறவுகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். குழந்தையின் முகம் பரவினால் திரும்பப் பெற வழியில்லை. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

இரக்கப்பட்டு வீட்டுக்கு அழைத்துப் போவதும் தவறுதான். உங்களுக்கு வழக்கு வரும் என்பது இரண்டாவது கவலை. பதிவு ஆகாத குடும்பத்துக்கு மண்டபம் மறுவாழ்வு முகாமில் இடமோ உதவியோ கிடைப்பது சிக்கலாகும் என்பதே முதல் கவலை. தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இவற்றில் ஒன்றுக்குச் சொல்லுங்கள். தண்ணீர், மாற்றுத்துணி, கைக்குழந்தை இருந்தால் பால் கொடுங்கள். "யார் கூட்டிட்டு வந்தா, எவ்வளவு கொடுத்தீங்க" என்று விசாரிக்க வேண்டாம். அதை விசாரிக்க வேண்டியவர்கள் வருவார்கள்.

இதை ஒட்டியே இன்னொன்று. கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள், கஞ்சா என்று கடத்தல் நடக்கும் கரை இது. ஊரைத் தெரிந்த இளைஞர்களிடம் தகவல் எதிர்பார்ப்பது காவல்துறைக்கு இயல்பு. கண் முன்னே குற்றம் நடந்தால் ஒரு குடிமகனாகச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் அரிசி கொடுக்கப் போகிற கையில் துப்பு எழுதும் நோட்டும் இருந்தால், அடுத்த புயலுக்கு அந்தத் தெரு கதவைத் திறக்காது. ஊர்க்காவல் படையில் சேர விருப்பமா, முறையாகச் சேருங்கள், சீருடையோடு அந்த வேலையைச் செய்யுங்கள். ஒரே ஆள் ஒரே தெருவில் இரண்டையும் செய்யக் கூடாது.

புயலும் மழையும்

பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் "ராமேஸ்வரத்தைத் தாக்கப் போகிறது" என்று செய்தி பறக்கும். ஒன்றாம் எண் என்பது தொலைவுக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்ற முன்னறிவிப்பு மட்டுமே. துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம் என்பதற்கு மூன்றாம் எண். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன ஊர் இது, பயத்துக்கு இங்கே பஞ்சமில்லை. பொய் எச்சரிக்கை பரப்பினால் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 54-ஆம் பிரிவில் ஓராண்டுவரை சிறை. தண்டனையைவிட, இரண்டு முறை பொய்யாகக் கிளப்பினால் மூன்றாவது முறை யாரும் கிளம்ப மாட்டார்கள் என்பதுதான் ஆபத்து.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படியொரு மழைக்குப் பின் வண்டிகள் எங்கே நிற்கும் என்று கவனித்துப் பாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில்தான். சாலையோரக் குடியிருப்புக்கு மூன்று வேளையும் பொட்டலம் வரும். பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கும் சின்னப்பாலம் போன்ற உள்ளடங்கிய ஊருக்கு எதுவும் போகாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. எந்த ஊருக்கு யார் போயிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள். ஊர்த் தலைவர், ஜமாத், பங்குத்தந்தை என்று அந்தந்த ஊரில் பேச வேண்டிய ஆள் இருப்பார். ஆனால் அவர் கொடுக்கும் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. ஊர் வரி கட்டாதவர், தனியாக இருக்கும் விதவை, பிழைக்க வந்த குடும்பம் ஆகியோர் பெயர் அதில் விடுபடுவது வழக்கம். பழைய துணி மூட்டை பற்றி எழுதி எழுதிச் சலித்துவிட்டது. வேண்டாம்.

உடைந்த படகை நகர்த்த ஆள் திரட்டுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பதிவு எண் தெரியும்படி. கணக்கெடுக்க அதிகாரி வரும்போது படகு இடம் மாறியிருந்தால் இழப்பீட்டில் தகராறு வரும்.

பணம்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கத்தில் வீட்டுக்கொருவர் வளைகுடாவில் இருப்பார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா, பிரிட்டன் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால் ஆகும். அதை வாங்க அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய குழுவிடம் இவை இருக்காது. யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கு ஜிபே எண்ணைப் போட்டு வசூலிப்பதையும் விட்டுவிடுங்கள். நேர்மையானவருக்குத்தான் அதில் கெட்ட பெயர் அதிகம்.

மனு எழுதுவது

நிவாரணம் முடிந்ததும் தன்னார்வலர் ஊருக்காக மனு எழுதி, தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு, ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார். ஆறு மாதம் கழித்து அவர் வேலைக்குச் சென்னை போயிருப்பார். பதில் கடிதம் அவர் பழைய முகவரிக்குப் போகும். மனு பாதிக்கப்பட்டவர் பெயரிலேயே இருக்கட்டும், எழுதிக் கொடுப்பதோடு நில்லுங்கள். தெருவிளக்கு, குடிநீர், வடிகால் போன்றவற்றை ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராமசபையில் ஊர்க்காரரே எழுந்து கேட்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மனு ஏற்புச் சீட்டின் எண்ணை உங்கள் அலைபேசியில் படமாக வைத்திருப்பது போதாது, அந்தச் சீட்டே மனுதாரர் வீட்டில் இருக்க வேண்டும்.