நாமத்துக்குப் பயம், மந்திரத்துக்கு அவசரம்: ஜபத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறை திருமலை மகாதேவர் கோயிலிலிருந்து சிவாலய ஓட்டம் கிளம்பும். கையில் பனையோலை விசிறி, இடுப்பில் காவித் துண்டு, வாயில் "கோவிந்தா! கோபாலா!". திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் வட்டாரத்தின் 12 சிவாலயங்களையும் கால்நடையாகவே கடந்து திருநட்டாலத்தில் முடிப்பார்கள். மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஓடுகிறவர்களுக்குக் கோவிந்தன்மார் என்றே பெயர்.

வெளியூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சிவன் கோயிலுக்குப் போறவங்க பெருமாள் பேரைச் சொல்லலாமா? தோஷம் இல்லையா?"

இல்லை. திருமால் பெயரைக் கேட்கவே பிடிக்காத சிவபக்தரான, பாதி மனிதரும் பாதி மிருகமுமான புருஷாமிருகத்திடம் பால் வாங்கப் பீமன் போன கதைதான் இந்த ஓட்டத்தின் மூலம். கண்ணன் கொடுத்த 12 ருத்திராட்சங்களோடு பீமன் "கோபாலா, கோவிந்தா" என்று கூவிக்கொண்டு ஓடினான். புருஷாமிருகம் துரத்திப் பிடிக்க வந்தபோதெல்லாம் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட்டான். அது விழுந்த இடத்தில் லிங்கம் எழுந்தது. அரியும் சிவனும் ஒன்று என்பதைக் காலால் நடந்து தெரிந்துகொள்ளும் ஊர் இது.

ஆனால் நண்பரின் கேள்விக்குள் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன். நாமம் வேறு, மந்திரம் வேறு. ராமா, முருகா, அம்மே நாராயணா, கோவிந்தா என்பவை நாமங்கள், கூப்பிடும் பெயர்கள். அவற்றுக்குக் குளியல் வேண்டாம், திசை வேண்டாம், எண்ணிக்கை வேண்டாம். மந்திரம் அப்படி அல்ல. அதற்கு எழுத்து உண்டு, அளவு உண்டு, சொல்லித்தரும் ஆள் உண்டு. நாம் இதைத் தலைகீழாக்கிக்கொண்டோம். முருகா என்று சொல்ல நேரம் காலம் பார்க்கிறோம். 'ஹ்ரீம்' போன்ற ஓரசை விதை மந்திரமான பீஜ மந்திரத்தை மட்டும் யூடியூபில் கேட்ட மறுநாளே 1008 தடவை சொல்லக் கிளம்பிவிடுகிறோம். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பத்தில்தான் முளைக்கின்றன.

என் பாட்டி ரப்பர் பால் எடுக்கப் போகும் விடியலிலும் "நாராயணா" என்றுதான் நடப்பார். செருப்போடு சொல்லலாமா என்று சிறுவயதில் கேட்டேன். "சாமியைக் கூப்பிடக் காலைப் பாக்கணுமா மக்களே?" என்றார். மாதவிலக்கு நாளில், இறப்புத் தீட்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாமம் சொல்லக் கூடாது என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். துக்கத்தில் இருக்கிறவரிடமிருந்து அவருடைய சாமியின் பெயரையும் பிடுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது.

சரி, மந்திரத்துக்கு வருவோம். இங்கே கவனம் வேண்டும், முதலில் உச்சரிப்பில். தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லி, வேதம் ஓதக் கவனிக்க வேண்டியவையாக ஆறைச் சொல்கிறது: எழுத்து, சுரம், மாத்திரை, அழுத்தம், சமநிலை, தொடர்ச்சி. சுரம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. இந்திரனைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று துவஷ்டா வேள்வி செய்தான். "இந்த்ரசத்ரு" என்ற சொல்லில் ஏற்ற இறக்கம் இடம் மாறிவிட்டது. இந்திரனைக் கொல்பவன் என்று இருக்க வேண்டியது, இந்திரனால் கொல்லப்படுபவன் என்று ஆனது. பிறந்த விருத்திரன் அப்படியே மாண்டான். அதனால் ஸ்ரீருத்ரம் போன்ற வேதப் பகுதிகளை ஆடியோவைக் கேட்டு மட்டும் படிக்காதீர்கள். கேட்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். சொல்ல வேண்டுமென்றால் எதிரே உட்கார்ந்து திருத்த ஒருவர் வேண்டும்.

எழுத்துச் சிக்கல் நம் மாவட்டத்தில் தனிக் கதை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரில், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள். மலையாளம் படித்த அந்தத் தலைமுறையில் பலர் ஸ்தோத்திரங்களை மலையாள எழுத்தில் படித்தார்கள். அதில் வடமொழியின் நாலு 'க'வுக்கும் நாலு தனி எழுத்து உண்டு. அந்தப் புத்தகங்கள் பரணுக்குப் போனபின், நாம் அதே சுலோகங்களைத் தமிழ் எழுத்தில் படிக்கிறோம். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'க'தான். நல்ல பதிப்புகளில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று சின்ன எண் போட்டிருப்பார்கள். அது அடிக்குறிப்பு எண் அல்ல, எந்த 'க', எந்த 'ப' என்று காட்டும் அடையாளம். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. வலிமையைக் குறிக்கும் பலமும் கனியைக் குறிக்கும் பலமும் தமிழ் எழுத்தில் ஒன்று, வடமொழியில் வேறு வேறு ஒலி. 'ஸகலம்' என்றால் எல்லாம். அதையே 'ஶகலம்' என்றால் துண்டு. புத்தகம் வாங்கும்போது அந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டில் மலையாளம் படிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால் ஒருநாள் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம், பிரிக்கக் கூடாத இடத்தில் பிரிப்பது. விஜயதசமியன்று நம் ஊர்க் குழந்தைகள் அரிசியில் விரல் வைத்து எழுதும் முதல் வரியே ஒரு மந்திரம்தான்: ஹரி ஸ்ரீ கணபதயே நம:. கணபதிக்கு வணக்கம் என்று பொருள். 'கணபதயே' என்பது நான்காம் வேற்றுமை, நம் 'கு' உருபு போல. அதைக் 'கணபதி ஏ நம' என்று உடைத்தால் 'கணபதிக்கு' என்பது போய்விடும். 'கணேச நம' என்பதும் அப்படியே, 'கணேசாய நம:' என்று வர வேண்டும். 'நம:' என்பதன் முடிவில் ஒரு மூச்சு மட்டும் மெல்ல வெளியேறும். 'நமஹா' என்று நீட்டக் கூடாது. 'நம: சிவாய'வை 'நமஹ சிவாய' என்று முழு எழுத்தாகச் சொன்னால் ஐந்தெழுத்து ஆறாகிவிடும். 'நமச்சிவாய' என்று தேவாரத்தில் வருவது கொச்சை அல்ல, புணர்ச்சி. நாவுக்கரசர் கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டபோது பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் அந்தத் தமிழ் ஒலியில்தான் இருக்கிறது.

இதிலிருந்தே இன்னொரு தவறும் தெரியும்: வடமொழியில் இருந்தால்தான் மந்திரம் என்று நினைப்பது. நம்மாழ்வாரின் தாயார் ஊர் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்பதிசாரம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை அவர் 'வாட்டாற்றான்' என்று பாசுரத்துக்குப் பாசுரம் அழைத்திருக்கிறார். அந்தப் பாசுரங்களை அதே சன்னிதியில் நின்று சொல்லிப் பாருங்கள். வட எழுத்து நாக்கில் நிற்காதவர்களுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான்.

வேகம் அடுத்தது. ஜபமாலையில் 108 மணியும், மேரு எனும் ஒரு தலைமணியும் இருக்கும். மேருவைத் தாண்டாமல் மாலையைத் திருப்ப வேண்டும், ஆள்காட்டி விரல் படக் கூடாது என்பதெல்லாம் பலருக்குத் தெரியும். ஆனால் பஸ் பிடிக்கிற அவசரத்தில் 108-ஐ நாலு நிமிடத்தில் முடிப்பார்கள். பாதி எழுத்து தொண்டையிலேயே நின்றுவிடும். நேரம் இல்லையா, 27 போதும், அல்லது 10 போதும். மூச்சு நீளும்படி சொல்லுங்கள். 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வில் 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலையும், 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரமும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. ஒரே தெருவில் கோயில் மணியும் சர்ச் மணியும் கேட்கும் நமக்கு அதைப் படிக்க மகிழ்ச்சியாகவே இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்த நோய்க்கு இந்த மந்திரம் என்று வரும் வாட்ஸ்அப் பட்டியல்களை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

குருவிடம் தீட்சையாக வாங்கிய மந்திரத்தை ஊருக்குக் காட்டுவதும் தவறு. சுசீந்திரம் கோயிலில் அர்த்தசாம பூஜையை இந்திரனே வந்து செய்வதாக ஐதீகம். அதனால் அங்கே அர்ச்சகர்கள் 'அகம் கண்டதைப் புறம் சொல்லேன்' என்று உறுதிமொழி எடுப்பார்களாம். உபதேச மந்திரத்துக்கும் அந்த அடக்கம் வேண்டும். அதை ஸ்டேட்டஸில் வைக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது.

ஒலிபெருக்கி பற்றியும் சொல்லியாக வேண்டும். விடியற்காலை நாலரை மணிக்குக் குழாயைக் கட்டி மந்திரம் போடுவது பக்தி என்று நம்புகிறோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பொது இடத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டில் பிரசவித்தவள் படுத்திருப்பாள். மரபும் சத்தத்தை உயர்த்திச் சொல்லவில்லை. உரக்கச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனசுக்குள் ஓடுவது மானசம். ஒன்றைவிட அடுத்தது மேல் என்றுதான் சாஸ்திரம் வைக்கிறது. ஓங்காரத்திலும் அ, உ, ம் என்ற மூன்றோடு முடியவில்லை, அதன்பின் வரும் மௌனத்தை நான்காவதாகச் சொல்கிறது மாண்டூக்கிய உபநிடதம். ஜபம் முடிந்ததும் உடனே எழுந்து செல்போனை எடுக்காமல் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகிறவர்கள், அங்குள்ள தியான மண்டபத்தில் அந்த இரண்டு நிமிடத்தைப் பழகிப் பார்க்கலாம்.

அந்த மூன்று படிகளும் எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. முதல் தடவை சிவாலய ஓட்டத்தில் போனபோதுதான் புரிந்தது. முஞ்சிறையில் கூட்டத்தோடு தொண்டை கிழியக் "கோவிந்தா" என்று கூவினேன். கல்குளம் தாண்டும்போது குரல் கம்மி, உதடு மட்டும்தான் அசைந்தது. திருவிதாங்கோட்டிலிருந்து திருப்பன்றிக்கோட்டுக்குப் போகும் வழியில் உதடும் நின்றுவிட்டது. கால் நடந்துகொண்டே இருந்தது, உள்ளே அந்தப் பெயரும் நடந்துகொண்டே இருந்தது.