பழைய சிடியில் சுவர்க்கடிகாரம்

பரணில் கிடக்கும் பழைய சிடி ஒன்று போதும், அழகான கடிகாரம் செய்துவிடலாம். மெஷினும் முள் செட்டும் கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடைகளில் கிடைக்கும். பின்பக்கம் கொக்கி உள்ள மெஷினாகக் கேட்டு வாங்குங்கள், மாட்டுவதற்குத் தனியாக மெனக்கெட வேண்டாம்.

சிடியின் நடு ஓட்டை 15 மி.மீ. மெஷின் தண்டோ சுமார் 8 மி.மீ.தான். அப்படியே மாட்டினால் லொடலொடவென்று ஆடும். சிடி அளவுக்குத் தடித்த அட்டை வெட்டி, தண்டு நுழையும் அளவு மட்டும் துளையிட்டு, பின்னால் ஒட்டுங்கள். பிறகு மெஷினைச் செருகி, வாஷர் போட்டு நட்டை முடுக்குங்கள்.

எண்களுக்குப் பதில் குந்தன் கல். முதலில் 12, 3, 6, 9 இடங்களில் ஒட்டி, இடைவெளிகளில் இரண்டிரண்டாக வைத்தால் கோணல் வராது. கல்லை ஓரத்தோடு ஒட்டுங்கள், உள்ளே தள்ளினால் முள் இடிக்கும். முள்ளும் 5 செ.மீ.க்குள் இருக்கட்டும், நீளமாக இருந்தால் கத்தரியால் நறுக்கலாம், மெல்லிய தகடுதானே!

மணி முள், நிமிட முள் இரண்டையும் 12-க்கு நேராக வைத்து அழுத்திவிட்டு, கடைசியாக விநாடி முள். பேட்டரி போடுமுன் பின்திருகைச் சுற்றி, முட்கள் ஒன்றோடொன்று உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.