ஆண் மார்பகப் பெருக்கத்துக்குத் தாயகத்தில் சத்திரசிகிச்சை: புறப்படுமுன் அறிய வேண்டியவை

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே செல்ல வேண்டும். திருச்செந்தூரிலும் அதுவே முறை. குளிர்நாட்டில் தடித்த மேலாடைக்குள் மார்பை மறைத்தே வளர்ந்துவிட்ட ஒரு பிள்ளை, விடுமுறைக்கு ஊருக்கு வந்து அந்த வாசலில் நிற்கும்போதுதான் அவனுடைய நெடுநாள் துயரம் வீட்டாருக்குத் தெரியவருகிறது. என் அக்காவின் மகன் வயிற்றுவலி என்று சொல்லி வெளிவீதியிலேயே நின்றுவிட்டான். கீரிமலைக்குப் போனபோதும் கேணிக்குள் இறங்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சென்னையில் அவன் சத்திரசிகிச்சை செய்துகொண்டபோது துணைக்கு நின்றவன் நான். அதற்கு முன்னர் வேறோர் இடத்தில், அவனைச் சரிவரத் தொட்டுப் பார்க்காமலே மறுநாளுக்கு நாள் குறித்துக் கொடுத்ததையும் கண்டேன். விடுமுறையோடு இந்தச் சிகிச்சையையும் முடித்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர், சிகிச்சையைப் பற்றி மட்டுமன்றி, அதற்கு முன்னும் பின்னும் ஒதுக்க வேண்டிய நாட்களைப் பற்றியும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆணின் மார்பு பெரிதாகத் தோன்றுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முலைக்காம்புக்குப் பின்னால் உள்ள சுரப்பித் திசு வளர்ந்திருந்தால் அதனை மருத்துவர்கள் கைனகோமாஸ்டியா என்பர்; விரலால் அழுத்தினால் தட்டு வடிவில், சற்று இறுக்கமாக அது தட்டுப்படும். அவ்வாறின்றி வெறும் கொழுப்பு மட்டுமே சேர்ந்திருந்தால் அது போலிப் பெருக்கம். உடல் எடை குறையும்போது அதுவும் குறையும். பலரிடம் இவை இரண்டும் கலந்தே இருக்கும். உடற்பயிற்சி கொழுப்பைக் கரைக்குமேயன்றிச் சுரப்பித் திசுவைக் கரைக்காது. பூசும் கிறீம்களாலும், குளிர்வித்துக் கொழுப்பைக் கரைக்கும் கருவிகளாலும் அந்தத் திசு நீங்குவதில்லை. அவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம்.

காரணத்தைக் கண்டறியும் வேலையை நீங்கள் வாழும் நாட்டிலேயே, உங்கள் குடும்ப மருத்துவரிடம், பயணத்துக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹோர்மோனுக்கும் டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண்மை ஹோர்மோனுக்கும் இடையிலுள்ள சமநிலை குலைவதே பெருக்கத்தின் அடிப்படை. அது பருவ வயதில் இயல்பாகவும், முதுமையில் மெதுவாகவும் குலையலாம், மருந்துகளாலும் குலையலாம். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன், முடி உதிர்வுக்கு எடுக்கும் ஃபினாஸ்டெரைடு, மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், உடலைக் கட்டமைக்க ஊசியாகவோ மாத்திரையாகவோ எடுக்கப்படும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளிடம் இந்தக் கடைசிக் கேள்வியைக் கோபமின்றிக் கேளுங்கள். பலர் உண்மையைச் சொல்வது அப்போதுதான். ஈரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு மிகைச் சுரப்பு, கிளைன்ஃபெல்டர் என்னும் மரபணு நிலை, அரிதாக விதைக் கட்டி ஆகியவையும் மார்பில் இப்படி வெளிப்படலாம். ஆகவே டெஸ்டோஸ்டெரோன், எஸ்ட்ராடியோல், எல்.எச்., புரோலாக்டின், எச்.சி.ஜி. என்னும் ஹோர்மோன்கள், தைராய்டு, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளில் எவை தேவை என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். விதைகளையும் அவர் பரிசோதிக்க வேண்டும். வெட்கத்தால் இதனைத் தவிர்த்தால், மார்பைச் சரிசெய்துவிட்டு உள்ளே இருக்கும் நோயை அப்படியே விட்டுவிடும் ஆபத்து உண்டு.

ஒரு பக்கத்தில் மட்டும், காம்பின் நடுவிலிருந்து விலகி, கல்லைப் போல இறுகிய கட்டி இருந்தாலோ, காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிந்தாலோ, தோல் உள்ளிழுத்துச் சுருங்கினாலோ, ஊர்ப் பயணத்துக்காகக் காத்திருக்காதீர்கள். மார்பகப் புற்றுநோய்களுள் ஏறத்தாழ 1 வீதமானவை ஆண்களுக்கு ஏற்படுபவை. மமோகிராமும் ஸ்கானும், வேண்டுமாயின் ஊசித்துளைத் திசுப் பரிசோதனையும் உடனே செய்யப்பட வேண்டும்.

பதின்ம வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். பருவ வயதில் தோன்றும் பெருக்கம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே வற்றிவிடும். பதினான்கு வயதுப் பிள்ளையை, லீவில் வந்த இடத்தில் செய்துவிடலாம் என்று மேசையில் ஏற்றுவது சரியன்று. வளர்ச்சி நின்று, பெருக்கமும் ஓராண்டுக்கு மேல் மாறாமல் நின்ற பின்னரே சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். அதுவரை பிள்ளையை வீட்டில் எவரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு. சித்தப்பாமாரும் மச்சான்மாரும் விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல் பிள்ளையைப் பல ஆண்டுகள் சட்டைக்குள் ஒளித்துவைக்கிறது. பெருக்கம் தொடங்கிய புதிதில், வலியும் இருந்தால், டாமொக்சிஃபென் போன்ற மாத்திரைகள் சிலருக்குப் பலன் தருவதுண்டு. ஓராண்டு கடந்து திசு நாராக இறுகிய பிறகு மாத்திரையால் ஆகக்கூடியது மிகக் குறைவு.

இனிச் சத்திரசிகிச்சையின் வகைகளுக்கு வருவோம். மருத்துவர் உங்களிடம் முதலில் 'கிரேட்' என்ற சொல்லைப் பயன்படுத்துவார். சைமன் என்பவரும் உடன்பணியாற்றியோரும் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட வகைப்பாடு இன்றும் பரவலாக வழங்குகிறது: முதலாம் நிலையில் சிறிய பெருக்கம், மிகைத் தோல் இல்லை, இரண்டாம் நிலையில் நடுத்தரப் பெருக்கம், தோல் மிகையாக இல்லாததும் இருப்பதும் என இரு பிரிவுகள், மூன்றாம் நிலையில் பெரிய பெருக்கமும் தொங்கும் தோலும். கொழுப்பு எவ்வளவு, சுரப்பி எவ்வளவு, தோல் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கான விடையே எந்த முறை உங்களுக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கிறது.

கொழுப்பே மிகுதியாக இருந்து தோலும் இறுக்கமாக இருந்தால் லைபோசக்‌ஷன் எனப்படும் கொழுப்பு உறிஞ்சல் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைனும் இரத்தக்கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்த உப்புநீரைத் திசுவுக்குள் செலுத்தி, சில மில்லிமீற்றர் நீளமுள்ள துளை வழியாக மெல்லிய குழாயைப் புகுத்திக் கொழுப்பை இழுத்தெடுப்பார்கள். மீயொலி அதிர்வால் கொழுப்பை முதலில் குழைத்துவிட்டு உறிஞ்சும் முறை 'வேசர்' என்ற பெயரில் விளம்பரங்களில் காணப்படுகிறது. நார்த்தன்மை கொண்ட ஆண் மார்பில் அதற்குப் பயன் உண்டு என்பது உண்மையே. ஆயினும், காம்புக்கு நேர் பின்னால் உள்ள இறுகிய சுரப்பித் தட்டை எந்தக் குழாயும் முழுமையாக இழுத்தெடுப்பதில்லை. 'தழும்பே இல்லை, வெட்டே இல்லை' என்று உறுதி கூறி உறிஞ்சலை மட்டும் செய்துவிட்டால், வீக்கம் வற்றிய சில மாதங்களில் காம்பு முன்னைவிடக் கூர்மையாகத் துருத்தி நிற்பதைக் காண நேரிடும். என் மருமகனுக்கு முதலில் நாள் குறித்துக் கொடுத்த இடத்தில் சொல்லப்பட்டதும் இதுவே. நல்லவேளையாக அவன் அங்கே செய்துகொள்ளவில்லை.

சுரப்பித் தட்டை அகற்றுவதற்கு, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாக வெட்டுகிறார்கள். அமெரிக்க மருத்துவர் வெப்ஸ்டர் 1946ஆம் ஆண்டு இவ்வகை வெட்டை விவரித்தார். நிறம் மாறும் எல்லைக் கோட்டில் தழும்பு மறைந்துவிடுவதால் இன்றும் இது கைவிடப்படவில்லை. உறிஞ்சலையும் இந்த வெட்டையும் ஒரே அமர்வில் சேர்த்துச் செய்வதே இப்போது பெரும்பாலோருக்குப் பொருந்தும் வழி. இதில் மருத்துவரின் கைத்திறன் வெளிப்படும் இடம் ஒன்று உண்டு: காம்புக்கு அடியில் சிறிது திசுவை விட்டுவைக்க வேண்டும். முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டால் காம்பு தட்டுப்போலக் குழிந்துவிடும். அந்தக் குழியைத் திருத்துவது முதற் சிகிச்சையைவிடக் கடினம். ஆகவே 'எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் டொக்டர்' என்று வற்புறுத்தாதீர்கள்.

தோல் மிகையாகத் தொங்கும்போது நிலைமை வேறு. நடுத்தர அளவாயின், தோல் தானே சுருங்குகிறதா என்று ஆறு மாதங்கள் பொறுத்துப் பார்த்து இரண்டாம் கட்டமாகத் தோலைக் குறைக்கும் மருத்துவர்களும் உளர். கருவட்டத்தைச் சுற்றி வளையமாகத் தோலை எடுப்போரும் உளர். மிகப் பெரிய அளவில் எடை குறைத்தவர்களுக்கு மார்பின் அடியில் நீண்ட கிடைவெட்டு இட்டு, காம்பையே தனியாக எடுத்துப் புதிய இடத்தில் ஒட்ட வேண்டியும் வரலாம். அவ்வாறு ஒட்டப்பட்ட காம்பில் உணர்ச்சி பெரிதும் குறைந்துவிடும். நமது கருநிறத் தோலில் அது ஆங்காங்கே வெளிறியும் போகலாம். ஒரே விடுமுறையில் முடியக்கூடிய காரியமாக இதனை எண்ண வேண்டாம். இந்நிலையில் உள்ளவர்கள் வாழும் நாட்டிலேயே செய்துகொள்வது நல்லது என்பது என் கருத்து.

ஆபத்துகளுள் முதலில் வருவது தோலுக்கு அடியில் இரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள் ஒரு பக்கம் திடீரென வீங்கி வலிக்கும், உடனே மறுபடி திறந்து வெளியேற்ற வேண்டியிருக்கலாம். இதனால்தான் முதல் இரவில் வைத்தியசாலைக்கு அரைமணி நேரத் தூரத்துக்குள் தங்க வேண்டும் என்கிறேன். பின்னர் நீர் தேங்குதல், கிருமித் தொற்று, இரு பக்கமும் ஒத்திராமை, காம்பின் உணர்ச்சி மாற்றம் ஆகியவை வரலாம். நமக்கு முக்கியமானது கீலாய்டு எனப்படும் தடித்து வளரும் தழும்பு. கருநிறத் தோலினருக்கு அது கூடுதலாக வருகிறது. மார்பு அதற்கு வாய்ப்பான இடம். காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ குடும்பத்தில் எவருக்காவது தழும்பு தடித்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் நிறுத்த வேண்டும். காம்புக்குச் செல்லும் இரத்த ஓட்டம் அதில் தங்கியுள்ளது. அஸ்பிரின் போன்ற மருந்துகளையும், வீட்டார் அன்போடு தரும் கசாயங்களையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

யாரிடம் செய்வது என்பதற்கு விளம்பரத்தைப் பார்க்க வேண்டாம், தகைமையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எம்.எஸ். என்னும் சத்திரசிகிச்சைப் பட்டம் முடித்தபின் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். என்னும் உயர்பட்டம் அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். இலங்கையில் இலங்கை மருத்துவ சபையின் பதிவும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனம் வழங்கும் விசேட நிபுணர் தகுதியும் அளவுகோல். 'அழகியல் நிபுணர்' என்ற பலகை மட்டும் போதாது. மயக்க மருந்து கொடுப்பவர் தனியான நிபுணரா, அவசர நிலை வந்தால் அதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். கேள்விகளால் எரிச்சலடைபவரிடம் உடலை ஒப்படைக்க வேண்டாம்.

இந்தியாவுக்குத் திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்காகச் செல்லும் வெளிநாட்டுக் குடியுரிமையாளர் சுற்றுலா விசாவில் அல்லாமல் மருத்துவ விசாவில் செல்ல வேண்டும். மின்னணு மருத்துவ விசா 60 நாட்களுக்கு, மூன்று முறை நுழைய அனுமதிக்கிறது. வைத்தியசாலையின் கடிதம் அதற்குத் தேவை. ஓ.சி.ஐ. எனப்படும் இந்திய வெளிநாட்டுக் குடியுரிமை அட்டை உள்ளவர்களுக்கு விசா வேண்டியதில்லை. 'பேக்கேஜ்' என்று சொல்லப்படும் தொகையில் மயக்கவியல் நிபுணர், சிகிச்சைக்குப் பின் மார்பை இறுக்கிப் பிடிக்க அணியும் அழுத்தக் கச்சு, திசுப் பரிசோதனை, திருத்தச் சிகிச்சை, ஜி.எஸ்.டி. வரி ஆகியவை அடங்குமா என்று எழுத்தில் பெறுங்கள். அழகுக்கான சிகிச்சை என்று கருதப்பட்டால் அந்த வரி சேரும். சாதாரணப் பயணக் காப்புறுதி திட்டமிட்ட சிகிச்சையையும் அதன் சிக்கல்களையும் பொதுவாக ஏற்பதில்லை.

காலத்தைத் தேர்வதில் தவறு செய்யாதீர்கள். அழுத்தக் கச்சை நான்கு முதல் ஆறு வாரங்கள், முதலில் இரவு பகலாக அணிய வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் அது பெரும் வேதனை. தையும் மாசியும் பொருத்தமான மாதங்கள். ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்றே வருவோர், யாழ்ப்பாணத்து நேர்த்திகளையும் உறவினர் வீடுகளையும் முதலில் முடித்துவிட்டு, பலாலி வானூர்தி நிலையத்திலிருந்து சென்னைக்குச் சென்று சிகிச்சை பெறுவதே ஒழுங்கு. புண்ணோடு வெளிவீதி மணலில் உருண்டு பிரதட்டை செய்யவோ கேணியிலும் கடலிலும் அருவியிலும் குளிக்கவோ கூடாது. பிரதட்டைக்கு மூன்று மாதமாவது போகட்டும்.

சிகிச்சை பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். பலர் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்புவர். சென்னை வைத்தியசாலைகளில் 'அட்டெண்டர்' என்று ஒருவர் கூடவே இருந்து கையொப்பமிட வேண்டும் என்பார்கள். உறவினர் எல்லோருக்கும் சொல்ல விரும்பாவிடினும், நம்பிக்கையான ஒருவருக்காவது முன்பே சொல்லிவையுங்கள். கச்சு இரண்டு வாங்குங்கள், ஒன்றைத் துவைக்க மற்றது உதவும். புண்ணில் எண்ணெயோ மஞ்சளோ பூச எவரையும் விடாதீர்கள். பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்த வேண்டியதில்லை. புண் ஆறப் புரதம் வேண்டும். ஒரு வாரத்தில் மேசை வேலை செய்யலாம். பாரம் தூக்குவதும் மார்புப் பயிற்சியும் ஆறு வாரங்களுக்குப் பின்னரே. இறுதி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும்.

வானூர்திப் பயணத்துக்கு முன் இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஊரில் இருங்கள். தையல் எடுத்து, நீர் தேங்கவில்லை என்று மருத்துவர் பார்த்து அனுப்ப அந்த அவகாசம் தேவை. நீண்ட பயணத்தில் காலில் இரத்தம் உறைவதைத் தவிர்க்க இடையிடையே எழுந்து நடக்கவும் தண்ணீர் குடிக்கவும் வேண்டும். மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் நிறைந்த 23 கிலோப் பொதியைத் தூக்க வேறொருவரை ஒழுங்கு செய்யுங்கள். சத்திரசிகிச்சைக் குறிப்பும், கொடுத்த மருந்துகளின் பட்டியலும், அகற்றிய திசுவின் ஆய்வறிக்கையும் கையில் இல்லாமல் புறப்படாதீர்கள். அறிக்கை வரச் சில நாட்கள் ஆகும், அதையும் கணக்கில் சேருங்கள். திரும்பியதும் அவற்றின் பிரதியை உங்கள் குடும்ப மருத்துவரிடம் கொடுங்கள். காய்ச்சலோ, சிவந்து சூடான வீக்கமோ, கெண்டைக்காலில் வலியோ, மூச்சுத் திணறலோ தோன்றினால் சென்னைக்குத் தொலைபேசி எடுத்துக் காத்திராமல் அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு அன்றே செல்லுங்கள்.